பட்டாளத்து ஊரில் போரைப் படமெடுப்பது

யூடியூபில் போர் ஆவணப்படம் என்று தட்டினால் வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரே அச்சு. குண்டு வெடிக்கும், டிரம்ஸ் முழங்கும், அதன்மேல் ஒருவர் அடித்தொண்டையில் "அந்த இருண்ட இரவில்" என்று ஆரம்பிப்பார். இருபது நிமிடத்தில் எத்தனை டாங்கி, எந்த மலை, எந்தத் தேதி எல்லாம் தெரிந்துவிடும். மலையைப் பிடித்தவன் வீட்டில் அடுத்த முப்பது வருஷம் என்ன நடந்தது என்பது மட்டும் வராது. அதை எடுக்க எல்லைக்குப் போக வேண்டியதில்லை. வேலூரில் டவுன் பஸ் ஏறினால் போதும். விஸ்காம் படிக்கிற பிள்ளைகளும், கையில் ஒரு நல்ல கேமரா இருக்கிறவர்களும் இங்கேயே அதைச் செய்யலாம். எப்படிச் செய்வது, எங்கே கெட்டுப்போகும் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஊரைப் பார்ப்போம். லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-18 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். கீழே காய்கறிக் கூடைகளும் ஹாரன் சத்தமும். ஒரு பெயர்கூட அதில் கிடையாது. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சுவரிலும் இதே கதைதான். கல்லறை தெரியாமல் போன 40,000 பேருக்கு மேல் அங்கே நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் வெட்டினார்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களை எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 அறிக்கையில் இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டது. ஆகவே அந்த 14 பேரைத் தேடிப் போகும் படத்துக்கு ஆவணக் காப்பகத்தில் அதிகம் கிடைக்காது. வீடுகளில்தான் கிடைக்கும், அதுவும் எதிர்பார்க்காத இடத்தில்: பரண் மேல் இருக்கும் கறுப்புத் தகரப் பெட்டியில்.

கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை இன்றும் மிலிட்டரிப் பேட்டை என்றே சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். தொலைக்காட்சிக்காரர்கள் ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் வருவார்கள். மீசை வைத்த ஒரு சுபேதாரை நிற்க வைத்து சல்யூட் அடிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த இரண்டு தேதிகளிலும் நீங்கள் அங்கே போகாதீர்கள். அன்றைக்கு ஊரே கேமராவுக்குப் பேசப் பழகிய பேச்சைத்தான் பேசும்.

இன்னொரு பக்கம் மேல்மொணவூர், அப்துல்லாபுரம் போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக்குப் பிறகு ஒரு அலையாக வந்தார்கள், 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது இன்னொரு அலை, அதற்குப் பிறகும் வந்தார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000 பேருக்கு மேல் இருப்பதாக 2021ஐ ஒட்டிய அரசுக் கணக்கு சொல்கிறது. முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியதும், புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை முதல்வர் மேல்மொணவூரில் வைத்துத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டும் போனது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் திரும்பவில்லை. அந்தப் போருக்குப் போன படையின் ஊர்களும் அந்தப் போரிலிருந்து ஓடி வந்தவர்களின் முகாம்களும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன, ஒரே ரேஷன் அரிசி, ஒரே அரசு ஆஸ்பத்திரி. இந்த இரண்டு தரப்பையும் ஒரே படத்தில் வைக்கும் வாய்ப்பு சென்னையில் இருப்பவருக்கு இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஆனால் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். கேமராவுக்கு முன்னால் நடக்கும் சமாதானம் அப்படி ஒன்றும் உண்மையாக இருக்காது. எடிட்டிங்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

வேலூர்க் கோட்டைக்குள் இருந்த சிறப்பு முகாமிலிருந்து 1995 ஆகஸ்டில் விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்களே, அதை எடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் அது வேறு படம். அந்தச் சுரங்கம் உள்ளே வந்த நிமிடமே மற்ற எல்லாக் கதையும் அதற்குத் துணைக்கதை ஆகிவிடும்.

இதுவரை உலகத்தில் இதைச் செய்தவர்களின் கையிலிருந்து சில விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம், சிலவற்றைத் தவிர்க்கலாம். முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சில் நடந்த சோம் போர் முடிவதற்கு முன்பே அதைப் பற்றிய படம் பிரிட்டன் தியேட்டர்களில் ஓடியது. வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறி ஓடும், ஒருவர் சரிந்து விழும் புகழ்பெற்ற காட்சி, களத்துக்குப் பின்னால் பயிற்சி இடத்தில் நடிக்கவைத்து எடுத்தது என்று ஆய்வாளர்கள் பிறகு நிறுவினார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தத் துண்டையே உண்மைக் காட்சியாக எடுத்துப் போடுகிறார்கள். இரவல் காட்சி எடுக்கும் முன் அது எங்கே, யார், எப்போது எடுத்தது என்று தெரியவில்லையா, விட்டுவிடுங்கள். 2009 முள்ளிவாய்க்கால் காட்சிகளில் இது இன்னும் கடுமையான பிரச்சினை. சுயாதீனப் பத்திரிகையாளர்கள் உள்ளே விடப்படாததால் செல்போனில் எடுத்தவைதான் பெரும் சாட்சியம். அவை கைமாறிக் கைமாறி, மேலே எழுத்து ஒட்டி, வேறு நாட்டுப் படங்களோடு கலந்து சுற்றுகின்றன. ஒரு வேறு நாட்டுப் படம் கலந்துவிட்டால் போதும், உங்கள் படத்தில் இருக்கும் உண்மையான சாட்சியையும் பொய் என்று சொல்ல ஒருவருக்கு வழி கிடைத்துவிடும்.

பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனே 1956இல் முப்பத்திரண்டு நிமிடத்தில் நாஜி வதை முகாம்களைக் காட்டினார். பழைய கறுப்புவெள்ளைக்கு நடுவே, புல் முளைத்துக் கிடக்கும் அதே இடங்களை வண்ணத்தில் மெதுவாக நகர்ந்து எடுத்தார். பிரெஞ்சுத் தணிக்கைக்காரர்களுக்கு உறுத்தியது பிணக்குவியல் மட்டுமல்ல. ஒரு பழைய புகைப்படத்தில் பிரெஞ்சுக் காவலரின் தொப்பி தெரிந்தது, அதை மறைக்கச் சொன்னார்கள். சின்னப் பொருள்கள்தான் யாரைக் குத்தவேண்டுமோ அவர்களைக் குத்தும்.

அதே முகாம்களைப் பற்றி இன்னொரு பிரெஞ்சு இயக்குநர் க்ளோத் லான்ஸ்மன் 1985இல் நேரெதிராகப் போனார். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், பழைய காட்சி ஒரு துண்டுகூட இல்லை. உயிர்பிழைத்த ஒருவர் முகாமில் பெண்களுக்கு முடி வெட்டவைக்கப்பட்டவர். அவரை ஒரு சலூனில் நிறுத்தி, கத்தரியைக் கையில் கொடுத்து, வெட்டிக்கொண்டே பேசவைத்தார். கை வேலை செய்யும்போது வாய் தானாகச் சொல்லும் என்பது உண்மை, இந்த உத்தியை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் பேச முடியாமல் நின்றபோது லான்ஸ்மன் விடாமல் சொல்லச் சொல்லி வற்புறுத்தினார். அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைச் சரி என்று வாதாடுபவர்கள் உண்டு. கணியம்பாடியில் உங்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்த ஆயாவிடம் அதைச் செய்ய எந்த வாதமும் போதாது.

இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2018இல் முதல் உலகப் போர்க் காட்சிகளுக்கு வண்ணம் பூசினார். கையால் சுற்றிய பழைய கேமராக்களில் ஒரு விநாடிக்கு 10 முதல் 18 சட்டம் (ஃப்ரேம்) வரை தாறுமாறாக ஓடியதை 24க்குக் கொண்டுவந்தார். உதட்டசைவு படிப்பவர்களை வைத்து வீரர்கள் என்ன பேசினார்கள் என்று கண்டுபிடித்துக் குரல் கொடுத்தார். எல்லோரும் வண்ணத்தைப் பற்றிப் பேசினார்கள். என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் பலம், பிரிட்டிஷ் காப்பகங்களில் இருந்த நூற்றுக்கணக்கான மணி நேர முன்னாள் வீரர் நேர்காணல்களை மட்டுமே வைத்து, நிபுணர் குரல் ஒன்றுகூட இல்லாமல் படத்தை ஓட்டியதுதான். வண்ணம் பூசுகிற ஆப் இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது. தாத்தாவின் பட்டாளத்துப் போட்டோவை அதில் போடாதீர்கள். மார்பில் இருக்கும் பதக்க ரிப்பனின் நிறமும் கோடும்தான் அவர் எந்தப் போர்முனைக்குப் போனார் என்பதற்கு ஆதாரம். கறுப்புவெள்ளையில் கோடுகளின் அகலத்தையாவது ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆப் தன் இஷ்டத்துக்கு நீலம் போட்டுவிட்டால் அந்த ஆதாரம் கெட்டுப்போகும், பிறகு வாட்ஸ்அப்பில் அந்தப் பிரதிதான் சுற்றும்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு வீட்டுக்குக் குறைந்தது மூன்று தடவை போக வேண்டும். முதல் தடவை கையில் ஒன்றும் இருக்கக்கூடாது. போன்கூடப் பையில். இரண்டாம் தடவை ஒலி மட்டும். மூன்றாவதில்தான் கேமரா. நேரம் இல்லை என்று முதல் நாளே கேமராவோடு போகிறவர்களுக்குக் கிடைப்பது செய்தித்தாளில் வந்த வாக்கியங்கள்தான்: "நாட்டுக்காகப் போனார், பெருமைதான்." அது பொய் என்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாக்கியம் வர ஒரு வாரம் ஆகும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதிப் படங்கள் வழிதவறுகின்றன. பட்டாளத்துக்காரர் பேசுவார், நன்றாகவே பேசுவார், ஆனால் யூனிட் கதையாகப் பேசுவார். வீட்டில் என்ன ஆனது என்று சமையற்கட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவரைத் தனியாகப் பேசவைக்க வேண்டும். கணவரோ மகனோ பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு பதிலையும் அவர்கள் திருத்துவார்கள். குழுவில் ஒருவர் வெளித் திண்ணையில் ஐயாவிடம் பதக்கங்களைக் காட்டச் சொல்லிப் படமெடுத்துக்கொண்டிருக்க, இன்னொருவர், அதுவும் பெண்ணாக இருந்தால் நல்லது, உள்ளே அம்மாவோடு உட்காரலாம். முகாமிலும் இதே முறைதான், ஆனால் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று தெரிந்தால் அவர்கள் சொல்லாமல் விடுவது நிறைய இருக்கும்.

கேள்வி. "அவர் இறந்த செய்தி கேட்டப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் அழுகை வரும், வேறொன்றும் வராது. "தந்தி வந்தப்போ வீட்ல யாரெல்லாம் இருந்தீங்கம்மா? யார் படிச்சுச் சொன்னாங்க?" என்று கேளுங்கள். 1965, 1971 காலத்துத் தந்தி ஆங்கிலத்தில் வந்தது. படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போன வீடுகள் இருக்கும். அந்தத் தேடல்தான் காட்சி. "முதல் பென்ஷன் எப்ப வந்துச்சு? அதுவரைக்கும் வீடு எப்படி ஓடுச்சு? கையெழுத்து யார் போட்டாங்க?" பணம் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். போரின் விலை என்று நாம் பெரிதாகச் சொல்வது பல வீடுகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே பென்ஷன் யாருக்கு என்ற சண்டையாகத்தான் வந்து நின்றது. சட்டமே அந்தச் சண்டைக்குள் வந்திருக்கிறது. வீரதீர விருதுக்கான மாதத் தொகை, விருது பெற்றவரின் விதவை மறுமணம் செய்தால் நின்றுவிடும், இறந்தவரின் சகோதரரையே மணந்தால் மட்டும் தொடரும் என்று ஒரு விதி இருந்தது. 2017 நவம்பரில்தான் அதை எடுத்தார்கள். இந்த ஒரு விதியைத் திரையில் இரண்டு வரியாகப் போட்டுவிட்டு, கொழுந்தனைக் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் முகத்தை எதுவும் பேசாமல் பத்து விநாடி காட்டினால், டாங்கி தேவையில்லை.

முகாமில் கேள்வியின் திசை வேறு. கடல் தாண்டிய இரவைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள், அவர்களும் நூறு முறை சொல்லிச் சொல்லி அது மனப்பாடம் ஆகிவிட்டது. இங்கே பிறந்தவர்களிடம் போங்கள். 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுகியது, பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக்கூடாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. ஆக, வேலூர்ப் பேச்சு பேசிக்கொண்டு, வேலூர்க் காலேஜில் படித்துவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கவோ அரசு வேலைக்கு எழுதவோ முடியாத ஒரு தலைமுறை அங்கே இருக்கிறது. போர் நடந்த இடத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. அவர்களிடம் "எந்தெந்த ஃபார்ம்ல எந்த இடத்தை நிரப்பாம விடுவீங்க?" என்று கேட்டு, நிரப்பிக் காட்டச் சொல்லி, கையை மட்டும் எடுங்கள். லான்ஸ்மனின் கத்தரிக்கு இங்கே ஒரு பேனா போதும்.

சம்மதம் வாங்குவது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவதோடு முடிவதில்லை. தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, வாய்விட்டுப் படித்துக்காட்டி, அதையே கேமராவில் பதிவுசெய்ய வேண்டும். எங்கெல்லாம் காட்டுவீர்கள், இணையத்தில் போடுவீர்களா, எந்தத் தேதிவரை அவர்கள் வேண்டாம் என்று விலகலாம், முகத்தை மறைக்க வேண்டுமா என்ற நான்கும் அதில் வரவேண்டும். முகாம் மக்களுக்கு இன்னொன்று: இலங்கையில் இருக்கும் உறவினருக்கு இதனால் தொல்லை வருமா என்று அவர்களையே யோசிக்கவிட்டு இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். குரலை அதே ஊர்க்காரர் அடையாளம் கண்டுவிடுவார். பின்னால் மாட்டியிருக்கும் கல்யாண போட்டோவும் காட்டிக்கொடுக்கும். ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹஸ்டன் 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காகவே மனம் குலைந்த வீரர்களின் ஆஸ்பத்திரியைப் படமாக்கினார். ராணுவம் அதை ஏறத்தாழ 35 வருஷம் வெளியே விடவில்லை. நோயாளிகளின் அந்தரங்கம் என்று காரணம் சொன்னார்கள். போரின் விலை வெளியே தெரியக்கூடாது என்பதே உண்மைக் காரணம் என்று ஹஸ்டன் தரப்பு சொன்னது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இந்த வேலையின் சங்கடம். உங்கள் தாள் ஒழுங்காக இருந்தால் முதல் காரணத்தை யாரும் சாக்காகச் சொல்ல முடியாது.

அனுமதி விஷயங்கள் சுருக்கமாக. முகாமுக்குள் கேமராவோடு போக மாவட்ட நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. ஸ்டாண்டு, விளக்கு, டிரோன் எதற்கும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். இப்போது பணியில் இருக்கும் வீரரைப் பேசவைக்காதீர்கள், மேலிட அனுமதி இல்லாமல் ஊடகத்தில் பேசினால் அவருக்குத்தான் பிரச்சினை. ஓய்வுபெற்றவரிடமும் யூனிட் எங்கே நின்றது, எந்த ஆயுதம் என்பதெல்லாம் நமக்குத் தேவையே இல்லை.

இப்போது ஒலி. படம் சுமாராக இருந்தால் மக்கள் பார்ப்பார்கள், குரல் கேட்கவில்லை என்றால் மூன்றாவது நிமிடம் எழுந்துவிடுவார்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடும்படி வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் வலிக்கிற இடம் வரும்போது குரலைப் பாதியாக இறக்குவார்கள், சமயத்தில் திடீரென்று உரக்கவும் சொல்வார்கள். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் கிடைத்தால் இந்தக் கவலை பெருமளவு போகும். காலர் மைக்கைப் புடவைத் தலைப்பில் மாட்டினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரக்கும். சிந்தெடிக் புடவை என்றால் இன்னும் மோசம். தாலிச் செயினும் மணியும் மைக்கில் தட்டும். ரவிக்கையின் தோள் பக்கத்தில், செயினிலிருந்து நான்கு விரல் தள்ளி, தோலுக்கு ஒத்துக்கொள்ளும் டேப்பால் ஒட்டுவது நல்லது. ஒட்டும் வேலையை அவர்களையோ குழுவில் இருக்கும் பெண்ணையோ செய்யச் சொல்லுங்கள். கூடவே ஒரு ஷாட்கன் மைக்கை ஃப்ரேமுக்கு மேலே, தலையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் வைத்துக்கொண்டால் ஒன்று கெட்டால் மற்றது இருக்கும்.

ஃபேன். இதுதான் வேலூரில் எல்லாப் படத்தையும் கெடுப்பது. மே மாதம் வெயில் 41, 42 டிகிரிக்குப் போகும். ஃபேன் ஓடினால் குரலுக்குள் ஒரு இரைச்சல் உட்கார்ந்துகொள்ளும், எந்த மென்பொருளும் முழுதாக எடுக்காது. நிறுத்தினால் எண்பது வயசுக்காரர் பத்து நிமிடத்தில் வாடிவிடுவார், 4கேவில் ஓடும் சின்னக் கேமராவும் சூடேறி நின்றுவிடும். மார்கழி, தை மாதங்களில் எடுங்கள். முடியாவிட்டால் காலை ஆறரை முதல் எட்டரை வரை. அப்போதும் குக்கர் விசில், பால்காரர், ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு எல்லாம் வரும். அதையெல்லாம் நிறுத்தச் சொல்லிப் போராட வேண்டாம், வாக்கியத்துக்கு நடுவில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் லாரி இரைச்சல் ஓயாது. ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி மைக்கை வைத்து, எதிர்ச் சுவரில் இரண்டு கனமான போர்வை தொங்கவிடலாம். ஒவ்வொரு அறையிலும் பேச்சு முடிந்ததும் எல்லோரும் வாய்மூடி ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதியுங்கள். எடிட்டிங்கில் இரண்டு வாக்கியங்களை ஒட்டும்போது அது இல்லையென்றால் வெட்டு கேட்கும். இந்த ஒரு நிமிடத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

படத்துக்கு விநாடிக்கு 25 சட்டம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60இல் வைத்தால் டியூப் லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் மினுக்கும். குறிப்பாக, இறந்தவர் போட்டோவுக்குக் கீழே எரியும் சின்னச் சிவப்பு விளக்கு. போன் கேமராக்கள் 30க்கே அமைக்கப்பட்டு வருவதால் முதலில் அதை மாற்றுங்கள். ஒற்றை அறை வீட்டில் இடம் போதவில்லை என்று அகல லென்ஸ் போட்டால் மூக்கு பெருத்து முகம் கேலியாகத் தெரியும். கேமராவை வாசல்படிக்கு வெளியே கொண்டுபோய் 35 மில்லிமீட்டரில் எடுங்கள். அவர் தரையில் உட்கார்ந்தால் கேமராவும் தரைக்கு வரவேண்டும். மேலிருந்து எடுத்தால் என்ன பேசினாலும் பிச்சை கேட்பதுபோல் தெரியும்.

மாலை போட்ட போட்டோவைக் கண்ணாடியிலிருந்து பிரிக்காதீர்கள். பல வருஷ ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், பிரித்தால் முகத்தின் பாதி கண்ணாடியில் தங்கிவிடும். கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி பிடித்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்தால் பிரதிபலிப்பு போய்விடும். தகரப் பெட்டியில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, இன்லேண்ட் கடிதங்கள் எல்லாவற்றையும் அந்த வீட்டிலேயே வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். "ரெண்டு நாள்ல கொண்டு வந்து தர்றோம்மா" என்று எடுத்துப் போனால் பென்ஷன் ஆபீசில் அதைக் கேட்கும் நாள் சரியாக அந்த இரண்டு நாளில்தான் வரும். பெட்டியைத் திறக்கும்போதே கேமரா ஓடட்டும். எந்தப் பொருளை முதலில் எடுக்கிறார்கள் என்பது முக்கியம்.

அழும்போது என்ன செய்வது? ஜூம் போகக்கூடாது, அவ்வளவுதான் முதல் விதி. கேமராக்காரர் லென்ஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். கேள்வி கேட்பவர் பேசாமல் இருக்க வேண்டும், ஆறுதல் சொல்லவும் கூடாது, கொஞ்ச நேரம். ஆரம்பத்திலேயே ஒரு கைச்சாடை பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் கையைக் காட்டினால் நிறுத்திவிட வேண்டும். நேர்காணலை அந்த இடத்தில் முடித்துவிட்டு மூட்டை கட்டாதீர்கள். பேரன் படிப்பு, மாட்டுக்கு என்ன விலை, மழை என்று பேச்சை இன்றைக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். மறுநாள் ஒரு போன். தூக்கம் வரவில்லை, பழையதெல்லாம் கிளம்பிவிட்டது என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சொல்லுங்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. உங்களிடம் பேசியதால் வந்த வேதனைக்கு நீங்கள் பொறுப்பு.

எடிட்டிங்கில் முதலில் எல்லாவற்றையும் எழுத்தாக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். தானாக எழுதும் மென்பொருள்கள் வடஆற்காட்டுப் பேச்சையும் யாழ்ப்பாணப் பேச்சையும் குதறிவைக்கும், பட்டாளத்துக்காரர் நடுவில் கலக்கும் இந்தியைச் சொல்லவே வேண்டாம். 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரம் 45 ஜிபி பிடிக்கும். 20 மணி நேரம் என்றால் 900 ஜிபி, அதை இரண்டு டிஸ்க்கில் தனித்தனி வீட்டில் வைக்க வேண்டும். வெட்டும்போது மூன்றைத் தொடாமல் இருந்தாலே படம் பாதி தேறிவிடும்: ஸ்லோமோஷன், சோகப் புல்லாங்குழல், சிவப்பு அம்புக்குறி போட்ட வரைபடம். புல்லாங்குழலுக்குப் பதில் அந்த வீட்டின் சத்தத்தையே விட்டுப் பாருங்கள்.

இறந்தவர் உடலைக் காட்டுவதா என்பதில் ஒரே விதி கிடையாது. உக்ரைனின் மரியுபோல் நகரம் பற்றிய 2023 படத்தில் குழந்தைகள் இறப்பது வருகிறது. முற்றுகைக்குள் இருந்த பத்திரிகையாளர் அப்போதே அதை வெளியே அனுப்ப, நடக்கவே இல்லை என்று மறுத்தவர்களுக்கு எதிரான சாட்சியமாக அது நின்றது. அங்கே காட்டியதற்கு அந்தக் காரணம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய சாவை, யாரும் மறுக்காத ஒன்றை, நாம் காட்ட என்ன காரணம் என்று சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். நேரில் நடந்ததைக் காட்ட வழியே இல்லாதபோது வரைந்தும் காட்டலாம். 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரு இஸ்ரேலியப் படம் முழுக்க அனிமேஷனாக ஓடி, கடைசியில் மட்டும் அசல் காட்சிக்கு மாறும். அந்த மாற்றம் ஒரு தடவைதான் வேலை செய்யும் என்று அதை எடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் திரையிடல் பேசியவர்களுக்கு. ஊர்க்காரர்களுக்கும் முன்னால், வீட்டுக்குள், லேப்டாப்பில். எதையாவது எடுத்துவிடச் சொன்னால் அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டு எடுத்துவிடுங்கள். பிறகு ஊரில் போடலாம். 3,000 லூமென்ஸ் புரொஜக்டர் இருட்டியபின் பத்தடித் திரைக்குத் தாங்கும், கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்துவைத்துக்கொள்ளுங்கள், ஆடி மாதத் திருவிழா நாள்களைத் தவிருங்கள். தியேட்டரில் பொதுவாகக் காட்ட 1952 ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், திரைப்பட விழாக்களுக்குத் தனி விலக்கு கேட்கலாம். இலங்கைப் போர் பற்றிய படம் என்றால் சான்றிதழ் எளிதில் கிடைக்காது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2014இல் ஒரு பிரிட்டிஷ் ஆவணப்படத்துக்கு மறுத்தார்கள், எடுத்தவர்கள் இந்தியாவில் இணையத்தில் இலவசமாக விட்டார்கள்.

குடும்பத்துக்குப் பென்டிரைவ் மட்டும் கொடுக்காதீர்கள், அது ஆறு மாதத்தில் காணாமல் போகும். ஸ்கேன் செய்த போட்டோக்களை மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயர், வருஷம், ஊர் எழுதிக் கொடுங்கள். பால்பாயிண்ட் மை சில வருஷத்தில் முன்பக்கம் ஊறிவிடும்.